ஒரே மழை, மூன்று காய்ச்சல்

மாத்தளை மாவட்டத்தில் கலேவெலைக்கு அருகே இருக்கிறது வஹகோட்டை. இலங்கைக் கத்தோலிக்கர்களுக்கு அது புனித அந்தோனியாரின் ஊர். கண்டி அரசர்கள் காலத்தில் சிறைபிடிக்கப்பட்ட போர்த்துக்கேயர் இங்கே குடியேற்றப்பட்டார்கள். அவர்கள் வழிவந்த குடும்பங்கள் இன்றும் இங்கே வாழ்கின்றன. சிங்களவரும் தமிழரும் நேர்த்திக்கடனோடு வந்துபோகும் அந்த ஆலயத்தைச் சுற்றியிருப்பது மழையையும் குளத்தையும் நம்பி வாழும் வயல் நாடு. பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும் நாட்களில் வெறுங்காலோடு சேற்றில் நிற்பது அங்கே எவருக்கும் புதிதல்ல.

அதே நாட்களில் காய்ச்சலும் வரும். உடம்பு அனலாய்க் கொதிக்கும், தலை பிளக்கும், கால் தசை வலியில் எழுந்து நிற்க முடியாது. இப்படி ஒருவர் வைத்தியசாலைக்கு வந்தால், வைத்தியரின் மனதில் குறைந்தது மூன்று பெயர்கள் ஓடும்: எலிக்காய்ச்சல், டெங்கு, மெலியோய்டோசிஸ். முதல் இரண்டு மூன்று நாட்களில் இவற்றைப் பிரித்தறிவது தேர்ந்த வைத்தியருக்கே கடினம். மூன்றும் மழையோடு வருகின்றன, மூன்றும் உயிரைக் குடிக்கக்கூடியவை. ஆனால் முதலாவது நோய்க்குப் பெனிசிலின் ஊசி உயிர் காக்கும். இரண்டாவதுக்கு அது பச்சைத்தண்ணீருக்குச் சமம். மூன்றாவதுக்கோ அந்தப் பெனிசிலின் போதவே போதாது, வேறு மருந்து வேண்டும், அதையும் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும்.

ஏன் இந்த வேறுபாடு? நுண்ணுயிர்க்கொல்லி, அதாவது நாம் அன்டிபயோட்டிக் என்று சொல்லும் மருந்து, காய்ச்சலுக்கான மருந்தல்ல. அது பக்டீரியாவின் உடலில் உள்ள ஒரு குறிப்பிட்ட உறுப்பைக் குறிவைத்து அடிக்கும் மருந்து. அந்த உறுப்பு இருந்தால்தான் அடி விழும். எந்த மருந்து எங்கே அடிக்கிறது என்று தெரிந்தால், அது எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது, ஏன் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

2008: மாத்தளை கண்ட காய்ச்சல்

2008ஆம் ஆண்டு இலங்கை அதுவரை கண்டிராத அளவில் எலிக்காய்ச்சல் பரவியது. அந்த ஓராண்டில் 7,000க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவானார்கள், 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் வயதில் இருந்த ஆண்கள், வயலில் இறங்கியவர்கள்.

நோய்க்குக் காரணம் லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா. எலி, மாடு, எருமை, நாய் போன்ற விலங்குகளின் சிறுநீரகத்தில் அது குடியிருக்கும். பல விலங்குகளுக்கு, முக்கியமாக எலிக்கு, அதனால் பெரிய தொல்லை இல்லை. எலியின் சிறுநீரோடு வெளியேறி, வயல் நீரிலும் ஈரச்சேற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நெல் விளையும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் அதன் சிறுநீர் தண்ணீரில் கலக்கும். நாள் முழுவதும் தண்ணீரில் ஊறிய காலின் சிறு கீறல் ஒன்று போதும், பக்டீரியா இரத்தத்துக்குள் நுழைந்துவிடும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலிக்கும், கண்கள் சிவக்கும். நோய் முற்றினால் மஞ்சள் காமாலை வரும், சிறுநீரகம் செயலிழக்கும். சிலருக்கு நுரையீரலுக்குள் இரத்தம் கசியும், அந்தக் கட்டம் மிகவும் ஆபத்தானது.

ஹைடெல்பேர்க் நகரில் அடோல்ஃப் வைல் 1886இல் இந்த நோயின் கடுமையான வடிவத்தை விவரித்தார். காரணமான கிருமியைக் கண்டுபிடிக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. ஜப்பானில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே இந்நோய் பரவியபோது ரியோகிச்சி இனடாவும் யுட்டகா இடோவும் அதைத் தேடிப் பிடித்தார்கள். அவர்களின் முடிவுகள் 1916இல் வெளிவந்தன.

இவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம் அதன் உருவம். லெப்டோஸ்பைராவின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வழக்கமான சாயங்கள் அதில் சரியாகப் பிடிப்பதில்லை, சாதாரண நுணுக்குக்காட்டியில் அது தென்படாது. வெளிச்சத்தை நேராகச் செலுத்தாமல் பக்கவாட்டில் செலுத்தி, பின்புலத்தை இருட்டாக்கிப் பார்க்க வேண்டும். அப்போது கறுப்பு வெளியில் வெள்ளி இழைகள் மின்னும். ஒவ்வொன்றும் நெருக்கமாக முறுக்கிய சுருள், முனைகள் கொக்கிபோல் வளைந்திருக்கும். இழை தன் அச்சிலேயே விறுவிறுவென்று சுழன்றபடி முன்னும் பின்னும் நகரும். அதைச் சுழற்றும் இரண்டு நுண்ணிழைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதில்லை. உடலைப் போர்த்திய இரண்டு சவ்வுகளுக்கும் இடையே ஒளிந்திருக்கின்றன. அதே இடைவெளியில்தான் பெனிசிலின் தேடிவரும் இலக்கும் இருக்கிறது.

முதல் இலக்கு: சுவர்

பெரும்பாலான பக்டீரியாக்களின் கலச்சவ்வுக்கு வெளியே ஒரு சுவர் உண்டு. அது பெப்டிடோகிளைக்கன் என்ற பொருளால் ஆனது. சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோக்கப்பட்டிருக்கும். அந்தச் சங்கிலிகளைக் குட்டையான அமினோ அமிலத் தொடர்கள் குறுக்காகப் பிணைத்திருக்கும். நெடுக்கும் குறுக்கும் சேர்ந்து, பக்டீரியாவின் முழு உடலையும் மூடிய ஒரே பின்னலாக அது அமைந்துவிடுகிறது.

அது இல்லாமல் பக்டீரியா பிழைக்க முடியாது. கலத்தின் உள்ளே உப்பும் சர்க்கரையும் புரதமும் செறிந்து கிடப்பதால், வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். பல பக்டீரியாக்களின் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். சவ்வு மட்டும் இருந்தால் அந்த அழுத்தத்தை ஒரு கணம்கூடத் தாங்காது. தாங்கிப் பிடிப்பது சுவர்தான்.

வளரும் பக்டீரியா இந்தச் சுவரை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பழைய பிணைப்பை வெட்டி, புதிய துண்டைச் செருகி, மறுபடி பிணைக்க வேண்டும். வெட்டுவதற்கென்று சில நொதியங்கள் உண்டு, பிணைப்பதற்கென்று வேறு சில உண்டு. புதிதாக வரும் ஒவ்வொரு குறுக்குத் தொடரின் முனையிலும் டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு, அடுத்தடுத்து இருக்கும். பிணைக்கும் நொதியம் அந்த இரட்டையைத் தேடிப் பிடிக்கும், கடைசி அலனினைக் கழற்றி எறியும், மிஞ்சியதைப் பக்கத்துச் சங்கிலியோடு இணைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

பெனிசிலின் மூலக்கூறு அந்த இரட்டை அலனினின் உருவத்தை ஒத்தது. 1965இல் அமெரிக்காவில் டொனால்ட் டிப்பரும் ஜாக் ஸ்ட்ரோமிங்கரும் இந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார்கள். பெனிசிலினின் நடுவில் மூன்று கரியணுக்களும் ஒரு நைதரசன் அணுவும் சேர்ந்த சதுர வளையம் ஒன்று இருக்கிறது. அணுக்கள் இயல்பாக விரும்பும் கோணத்தைவிட நெருக்கமாக அதில் மடிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் வளையம் எப்போதும் விறைப்பாக, உடைந்து திறக்கத் தயாராக இருக்கும். பிணைக்கும் நொதியம் இதைத் தனக்குரிய பொருள் என்று எண்ணிப் பிடித்ததும் வளையம் திறக்கிறது, நொதியத்தின் வேலைசெய்யும் இடத்திலேயே இறுக ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் அந்த நொதியம் எதையும் பிணைக்க முடியாது.

அப்போதும் வெட்டும் நொதியங்கள் ஓய்வதில்லை. சுவரில் வெட்டு விழுந்துகொண்டே இருக்கிறது, பிணைக்க ஆள் இல்லை. வரப்பு அரித்த இடத்தில் வயல் நீர் உடைத்துக்கொண்டு பாய்வதுபோல், பலவீனமான இடத்தில் உள்ளழுத்தம் சவ்வைப் பிதுக்கித் தள்ளுகிறது, பக்டீரியா வெடித்துச் சாகிறது. பெனிசிலின் நேரடியாக எதையும் உடைப்பதில்லை. திருத்தும் வேலையை நிறுத்துகிறது. மீதியைப் பக்டீரியாவின் சொந்த நொதியங்களும் சொந்த அழுத்தமும் பார்த்துக்கொள்கின்றன.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் தாமாகவே கிடைக்கின்றன. முதலாவது, மனிதக் கலத்துக்குச் சுவர் இல்லை, அதனால் பெனிசிலின் அடிக்க நம் உடலில் இடம் இல்லை. சிலருக்கு வரும் ஒவ்வாமை தனிக் கதை, அது உயிராபத்தாகவும் முடியலாம். ஆனால் கலங்களை உடைக்கும் நஞ்சாக அது நமக்கு வேலை செய்வதில்லை. இரண்டாவது, சுவர் கட்டாமல் உறங்கும் பக்டீரியாவைப் பெனிசிலின் கொல்ல முடியாது. ஜோசப் பிக்கர் என்ற ஆய்வாளர் 1944இலேயே இதைக் கவனித்தார். பெனிசிலினில் ஊறவைத்த ஸ்டஃபிலோகொக்கஸ் பக்டீரியாக் கூட்டத்தில் மிகச் சில எப்போதும் தப்பின. அவை எதிர்ப்பாற்றல் பெற்றவை அல்ல, பெருகாமல் கிடந்ததால் தப்பியவை. சில நோய்களுக்கு மருந்தை நாள் கணக்கில் தொடர வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லெப்டோஸ்பைராவின் சுவர் மெல்லியது. பெனிசிலினுக்கும் அதே வளையத்தைக் கொண்ட செஃப்ட்ரையாக்சோனுக்கும் அது எளிதில் பணிந்துவிடும். சில வேளை முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் நோயாளிக்கு நடுக்கமும் காய்ச்சலும் கூடுவதுண்டு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று உறவினர் பதறுவார்கள். உடைந்த பக்டீரியாக்களின் துண்டுகள் இரத்தத்தில் கலப்பதால் உடல் காட்டும் எதிர்வினை அது. ஆனால் ஒவ்வாமையும் இப்படித் திடீரென்றே வரும் என்பதால், இது எது என்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர்.

இரண்டாவது இலக்கு: புரதம் செய்யும் இடம்

எலிக்காய்ச்சலுக்கு இன்னொரு மருந்தும் உண்டு: டொக்சிசைக்கிளின். அது சுவரைத் தொடுவதேயில்லை. கலத்துக்குள் நுழைந்து ரைபோசோமைத் தேடுகிறது.

புரதம் இல்லாமல் எந்த உயிரும் இல்லை. அதைச் செய்வது ரைபோசோம். பரம்பரைச் செய்தியைப் படித்து, அதன்படி அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கும். வேகமாக வளரும் பக்டீரியாவில் ஒரு ரைபோசோம் ஒரு வினாடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலங்களைக் கோத்துவிடும். ரைபோசோமுக்குச் சிறிய பகுதி, பெரிய பகுதி என்று இரண்டு பாகங்கள். சிறிய பகுதி செய்தியைப் படிக்கும், பெரிய பகுதி கோக்கும். அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் ஆர்.என்.ஏ. மூலக்கூறு முதலில் சிறிய பகுதியில் தனக்குரிய இடத்தில் அமர வேண்டும். டொக்சிசைக்கிளினும் அதன் மூத்த உறவான டெட்ராசைக்கிளினும் அந்த இருக்கையை அடைத்துக்கொள்கின்றன. சுமந்து வந்த ஆர்.என்.ஏ. அமர இடமின்றி விழுந்துவிடுகிறது. சங்கிலி நீளாது, புரதம் பிறக்காது, பக்டீரியா பெருகாது.

இந்த மருந்துக் குடும்பத்தின் வரலாற்றில் நம் பக்கத்து மனிதர்கள் இருவர் இருக்கிறார்கள். முதலாமவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்றவர். லெடர்லி ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். அங்கேதான் எழுபது வயதைத் தாண்டிய தாவரவியலாளர் பெஞ்சமின் டகர், மண் மாதிரிகளிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். மிசூரிப் பல்கலைக்கழக வயல் ஒன்றின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து ஒரியோமைசின் பிறந்தது. டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. 1948இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது, அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். டொக்சிசைக்கிளின் 1967இல் பயன்பாட்டுக்கு வந்தது.

இரண்டாமவர் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். டெட்ராசைக்கிளின் ரைபோசோமைத் தடுக்கிறது என்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தாலும், எந்த இடத்தில் எப்படி அமர்கிறது என்பதை எவரும் பார்த்ததில்லை. அதைப் பார்க்க ரைபோசோமைப் பளிங்காக வளர்த்து, அதன்மீது ஊடுகதிரைச் செலுத்தி, சிதறும் கதிர்களிலிருந்து இலட்சக்கணக்கான அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிட வேண்டும். கேம்பிரிட்ஜில் ராமகிருஷ்ணனின் குழு, கொதிநீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற பக்டீரியாவின் ரைபோசோமை எடுத்துக்கொண்டது. வெப்பத்தைத் தாங்கும் உயிரின் ரைபோசோம் உறுதியானது, பளிங்காக நன்கு படியும். 2000ஆம் ஆண்டில் சிறிய பகுதியின் முழு அமைப்பையும் அவர்கள் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் டெட்ராசைக்கிளின் உட்பட பல மருந்துகள் அதில் ஒட்டியிருக்கும் இடத்தையும் காட்டினார்கள். 2009இல் தோமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு அவர் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சேற்றில் நிற்கும் விவசாயி விழுங்கும் மாத்திரை கலத்துக்குள் எங்கே போய் உட்காருகிறது என்பதை அணு அணுவாகக் காட்டியதில் சிதம்பரத்தில் பிறந்த ஒருவருக்குப் பங்கு உண்டு.

நமக்கும் ரைபோசோம் உண்டே, அதை ஏன் மருந்து தடுப்பதில்லை? நம் ரைபோசோம் பெரியது, அமைப்பில் வேறுபட்டது, டெட்ராசைக்கிளினை அவ்வளவு இறுகப் பிடிப்பதில்லை. மேலும் பக்டீரியா இந்த மருந்தைத் தானே உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது, நம் கலங்கள் அப்படிச் செய்வதில்லை. ஆனாலும் இந்தக் குடும்பத்து மருந்துகளுக்குக் கல்சியத்தின்மீது நாட்டம் உண்டு. வளரும் பற்களில் படிந்து நிறத்தை மாற்றும். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பொதுவாகத் தவிர்க்கிறார்கள்.

பெனிசிலின் கொல்கிறது, டொக்சிசைக்கிளின் பெருக்கத்தை நிறுத்துகிறது. நிறுத்தியபின் மீதியை நம் வெள்ளணுக்கள் துடைத்தெடுக்கின்றன. அப்படியானால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டிப்புப் பலன்தானே என்று தோன்றும். 1951இல் அமெரிக்காவில் லெப்பரும் டவ்லிங்கும் நிமோகொக்கஸ் மூளைச்சவ்வுக் காய்ச்சல் நோயாளிகளில் கண்டது நேர்மாறானது. பெனிசிலின் மட்டும் பெற்றவர்களைவிட, பெனிசிலினோடு ஒரியோமைசினும் பெற்றவர்களே மிக அதிகமாக இறந்தார்கள். பெனிசிலினுக்குச் சுவர் கட்டும் பக்டீரியா வேண்டும், ஒரியோமைசின் அந்தக் கட்டுமானத்தையே நிறுத்திவிட்டது. எல்லா நோயிலும் எல்லா இணையும் இப்படி மோதுவதில்லை. ஆனால் மருந்து கூடக் கூட நல்லது என்ற எண்ணம் தவறு என்பதற்கு இது போதும்.

டொக்சிசைக்கிளினுக்கு இன்னொரு பயனும் உண்டு. 1982இல் பனாமாக் காட்டில் பயிற்சிக்குச் சென்ற 940 அமெரிக்கப் படைவீரர்களில் பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினும், மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை பெற்றவர்களில் 20 பேருக்கு எலிக்காய்ச்சல் கண்டது. மருந்து பெற்றவர்களில் ஒரேயொருவருக்கு. இலங்கையிலும் ஆபத்து மிகுந்த வயல்களில் இறங்குவோருக்கு, சுகாதார வைத்திய அதிகாரியின் மேற்பார்வையில் வாரம் ஒருமுறை இதே அளவு வழங்குகிறார்கள். வயலில் இறங்கும் முன்பே தொடங்கி, வேலை நடக்கும் காலம் வரை எடுக்க வேண்டும்.

மூன்றாவது இலக்கு: பக்டீரியா தானே செய்யும் சத்து

அதே சேற்றில் இன்னொரு பக்டீரியாவும் வாழ்கிறது. அதன் பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை, அது தரும் நோய் மெலியோய்டோசிஸ். அல்ஃப்ரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் ரங்கூனில் கண்டு 1912இல் விவரித்த நோய் இது. இலங்கையில் முதல் நோயாளி 1927இல் பதிவானார். அதன்பின் பல ஆண்டுகள் அரிய நோயாகவே கருதப்பட்டது. அண்மைக் காலத்தில் தேடிப் பரிசோதிக்கத் தொடங்கியதும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். நெல்வயலில் வேலை செய்பவர்கள், அதிலும் நீரிழிவு உள்ளவர்கள், இதற்கு எளிதில் ஆளாகிறார்கள். நுரையீரலில் நிமோனியாவாகவும் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டியாகவும் அது வெளிப்படும்.

இந்தப் பக்டீரியாவிடம் பெனிசிலினின் வளையத்தை உடைக்கும் நொதியம் இருக்கிறது. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் சவ்வுப் புரதங்களும் இருக்கின்றன. அதனால் சாதாரணப் பெனிசிலின் பலிக்காது, எலிக்காய்ச்சலுக்குப் போதுமான செஃப்ட்ரையாக்சோனும் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் என்ற மருந்தைக் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாட்கள் நாளத்தில் ஏற்ற வேண்டும். அதன்பின் கோ-ட்ரைமொக்சசோல் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் விழுங்க வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பிவரும்.

கோ-ட்ரைமொக்சசோல் சுவரையும் அடிப்பதில்லை, ரைபோசோமையும் அடிப்பதில்லை. டி.என்.ஏ. செய்வதற்கு எல்லா உயிருக்கும் ஃபோலேட் என்ற விற்றமின் தேவை. நாம் அதைக் கீரையிலும் பருப்பிலும் ஈரலிலும் இருந்து பெறுகிறோம், நம் உடல் அதைச் செய்வதில்லை. பெரும்பாலான பக்டீரியாக்கள் தாமே செய்துகொள்கின்றன. கோ-ட்ரைமொக்சசோலில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, ஃபோலேட் செய்யும் பாதையின் மூலப்பொருளை ஒத்த சல்ஃபா மருந்து. நொதியம் மூலப்பொருளுக்குப் பதில் அதைப் பிடித்து ஏமாறும். மற்றது ட்ரைமெத்தோபிரிம், அதே பாதையின் பின்கட்டத்தை அடைக்கும். ஒரே பாதையை இரண்டு இடத்தில் மறித்தால் தப்பிப்பது கடினம். சுப்பாராவின் குழு 1940களில் ஆய்வுகூடத்தில் செய்து காட்டிய ஃபோலிக் அமிலமும் இதே விற்றமின்தான். நாம் உணவில் பெறுவதைப் பக்டீரியாக்கள் தாமே செய்துகொள்கின்றன என்ற ஒரு வேறுபாட்டைத்தான் சல்ஃபா மருந்து பயன்படுத்திக்கொள்கிறது.

இலக்கே இல்லாத எதிரி

இப்போது டெங்கு. 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். டெங்கு வைரஸுக்குச் சுவர் இல்லை. அதற்கென்று ரைபோசோம் இல்லை, நம் கலத்தின் ரைபோசோமைத்தான் பயன்படுத்துகிறது. ஃபோலேட்டும் செய்வதில்லை. மூன்று இலக்குகளில் ஒன்றுகூட அதனிடம் இல்லை. உலகில் உள்ள பெனிசிலின் முழுவதையும் ஏற்றினாலும் ஒரு டெங்கு வைரஸ்கூடச் சாகாது.

வைரஸ் நோயில் உயிரைக் காப்பது வேறு. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது உறவினரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளார் அவர்களுக்கு நீரும் உணவும் கொடுத்துப் பராமரித்தார். 2015இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரிடம் நுண்ணுயிர்க்கொல்லி இருந்திருந்தாலும் பெரியம்மையை அது ஒன்றும் செய்திருக்காது, அதுவும் வைரஸ்தான். இறுதியில் அந்த நோயை ஒழித்தது தடுப்பூசி, 1980இல் உலகம் அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. டெங்குவிலும் இன்று உயிரைக் காப்பது அளவறிந்து கொடுக்கும் நீராகாரமும், மணிக்கு மணி இரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் தாதியரும்தான்.

எதிர்ப்பு எங்கே பிறக்கிறது

பெனிசிலின் நோயாளிகளைச் சென்றடையும் முன்பே, 1940இல், ஒக்ஸ்ஃபோர்டில் எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் அதை அழிக்கும் நொதியம் ஒன்றைப் பக்டீரியாவில் கண்டு அறிவித்தார்கள். மண்ணில் பூஞ்சைகளும் பக்டீரியாக்களும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றையொன்று வேதிப்பொருளால் தாக்கி வருகின்றன. ஆயுதம் உள்ள இடத்தில் கேடயமும் இருக்கிறது. மருந்தை உடைப்பது, மருந்தை வெளியே இறைப்பது, இலக்கின் வடிவத்தையே சற்று மாற்றிக்கொள்வது ஆகிய மூன்றும் பக்டீரியாவின் முக்கிய உத்திகள்.

நம் குடலில் வாழும் ஈ. கோலை நல்ல வளர்ச்சிச் சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அதே வேகத்தில் போனால் பத்து மணி நேரத்தில் ஒன்று 107 கோடியாகிவிடும். அத்தனை பிரதிகளில் எங்காவது ஒரு எழுத்துப் பிழை அதற்குச் சாதகமாக அமைந்துவிடும். அதைவிட விரைவான வழியும் உண்டு. எதிர்ப்புக்கான பரம்பரையலகைச் சிறு டி.என்.ஏ. வளையமாக ஒரு பக்டீரியா இன்னொன்றுக்கு, வேறு இனத்துக்குக்கூட, நேரடியாகக் கொடுத்துவிடும். மருந்து எதிர்ப்பை உருவாக்குவதில்லை. எதிர்ப்புள்ளதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கொன்று, அதற்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது.

லெப்டோஸ்பைரா இதுவரை பெனிசிலினுக்கும் டொக்சிசைக்கிளினுக்கும் பணிந்தே வருகிறது. அது மெதுவாகப் பெருகுவது, ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக அரிது. ஆகவே ஒரு நோயாளியின் உடலில் எதிர்ப்புத் தோன்றினாலும் அங்கேயே முடிந்துபோகும். ஆனால் விழுங்கிய மருந்து லெப்டோஸ்பைராவை மட்டும் சந்திப்பதில்லை. குடலிலும் தோலிலும் உள்ள கோடானுகோடி பக்டீரியாக்களையும் சந்திக்கிறது. டெங்குக் காய்ச்சலுக்கு வீணாக விழுங்கிய, பெனிசிலின் குடும்பத்து அமொக்சிசிலின் வைரஸை ஒன்றும் செய்யாது, குடலில் எதிர்ப்புள்ள பக்டீரியாவை வளர்த்துவிடும். நாளை அதே மனிதருக்கோ அவருடைய தாய்க்கோ சிறுநீர்த் தொற்று வரும்போது மருந்து பலிக்காமல் போகும். 2019இல் மட்டும் மருந்துக்குப் பணியாத பக்டீரியாவால் நேரடியாக உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

ஆகவே வயலில் இறங்கும் எவருக்கும், அவர்களுக்காக வீட்டில் காத்திருக்கும் எவருக்கும் சொல்ல வேண்டியவை இவை. காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் முதலில், கடந்த சில வாரங்களில் வயலில், சேற்றில், வாய்க்காலில் இறங்கினேன் என்று கேட்காமலே சொல்லுங்கள். நீரிழிவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூன்று காய்ச்சல்களில் எது என்று பிரிக்க அந்த வாக்கியம் எந்தப் பரிசோதனைக்கும் முந்தி உதவும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரையைக் காய்ச்சலுக்கு விழுங்காதீர்கள், மருந்துக்கடையில் வைத்தியரின் துண்டின்றி அன்டிபயோட்டிக் கேட்காதீர்கள். வாரம் ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளினைச் சுகாதார அதிகாரியின் ஆலோசனைப்படி மட்டும் எடுங்கள், அது காலில் உள்ள காயத்தை மூடிக் கட்டுவதற்கு மாற்றல்ல. வைத்தியர் சொன்ன மருந்தை அவர் சொன்ன நாள் வரை எடுங்கள். சுவர், ரைபோசோம், ஃபோலேட் போன்ற இலக்குகள் பக்டீரியாவிடம் கைவிரலில் எண்ணக்கூடிய அளவே உள்ளன. அவற்றுக்கெதிராக நம்மிடம் உள்ள மருந்துகளை வீணடித்தால், அவற்றின் இடத்துக்கு வேறொன்று விரைவில் வரப்போவதில்லை.